விட்டுப்போன நடையை மீண்டும் பிடிப்பது: சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், காலையில் பூங்காவைச் சுற்றிவரும் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். தீபாவளிக்குப் பலகாரம் வருகிறது, அதை ஒட்டி முகூர்த்தங்கள் வருகின்றன, நடுவில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வருகிறது. கார்த்திகை முடிந்து வானம் வெளுக்கும்போது, ஆறு மாதம் ஒழுங்காக நடந்தவரின் கான்வாஸ் ஷூ மாடிப்படிக்கு அடியில் பூஞ்சை பூத்துக் கிடக்கிறது. இந்த இடைவெளி எல்லோருக்கும் வருவதுதான். அதிலிருந்து திரும்பும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். விட்ட ஐந்து வாரத்தையும் ஒரே வாரத்தில் ஈடுகட்டப் பார்த்துக் குதிகால் வலியோடு படுத்துவிடுவோர் ஒரு வகை. தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டு, தை பிறந்த பின் பொங்கல் முடியட்டும் என்போர் இன்னொரு வகை.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சென்ற ஓரிரு ஆண்டுகளுக்குள் அறிந்து, நடையும் உணவுக் கட்டுப்பாடும் தொடங்கி, முதல் முறையாக அவற்றைக் கைவிட்டு நிற்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரையோடு வாழ்பவன். அதற்குள் நான்கு முறை விட்டு, நான்கு முறை தொடங்கியவன். முதல் மூன்று முறையும் தவறாகத் தொடங்கினேன் என்பதே இதை எழுத எனக்குள்ள தகுதி.

நடை என்பது மருந்துக்கு மேல் சேர்க்கும் ஒரு நல்ல பழக்கம், அவ்வளவுதான் என்று எண்ணுவோர் சென்னையில் நடந்த ஓர் ஆய்வை அறிந்துகொள்வது நல்லது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடையும் உணவு மாற்றமும் மட்டும் மேற்கொண்ட பிரிவில் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உட்கொண்ட பிரிவில் 26.4 விழுக்காடு குறைந்திருந்தது. அவர்கள் நோய் வராதவர்கள், நாம் வந்தவர்கள் என்ற வேறுபாடு உண்டு. ஆனாலும் நடையை விடுவதை ஒரு மாத்திரையை விடுவது போலக் கருத வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது அந்தக் கணக்குதான்.

உடம்பு ஒப்புகிறதா?

பண்டிகை, மழை, பயணம், அலுவலக வேலை ஆகியவற்றால் விட்டவர் இன்று இரவே தொடங்கலாம். காய்ச்சலால் விட்டவர் அவசரப்படக் கூடாது. டெங்கு குணமான பின்னும் சில வாரம் அசதி நீடிப்பது உண்டு; சிக்குன்குன்யா என்றால் கணுக்காலிலும் முழங்காலிலும் வலி மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டு வேலைகளை மூச்சு வாங்காமல் செய்ய முடிகிறதா, மாடிப்படி ஒருமுறை ஏறி இறங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, முடிந்தால் மட்டும் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, நின்றால் மறைந்து நடந்தால் திரும்பும் கெண்டைக்கால் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குளுக்கோமீட்டர் 300-க்கு மேல் காட்டி, கூடவே தாகம், வாந்தி, தளர்ச்சி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதை நடந்து குறைக்கப் பார்ப்பது ஆபத்து.

பாதங்களை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியைக் கிடத்தி, அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கலாம். விரலிடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் வெடிப்பு, நகத்தோரம் சிவப்பு ஆகியவை மழைக்காலத்தில் ஓசைப்படாமல் வந்து சேர்பவை. உணர்ச்சி மரத்த காலில் அவை வலிப்பதும் இல்லை. ஐந்து வாரம் மூலையில் கிடந்த ஷூவைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிவிட்டு, உள்ளே கையை விடாமல் எட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அதிலிருந்து பூரான் விழுந்தது. உள்ளட்டை இறுகிப் போயிருந்தால் அதை மாற்றிய பிறகே அணிய வேண்டும். காலில் மதமதப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பே மேல்.

மாத்திரை அட்டையை எண்ணுங்கள்

நடை விட்டுப்போன காலத்தில் மாத்திரையும் விட்டுப்போயிருக்கும், ஆனால் அதை நாம் குறைத்துத்தான் நினைவில் வைத்திருப்போம். சென்ற முறை நான் மருந்து டப்பாவைக் கவிழ்த்து எண்ணியபோது, பத்து மாத்திரை கொண்ட அட்டைகளில் இரண்டு முழுதாகவும், மூன்றாவதில் நான்கு மாத்திரைகளும் மிஞ்சியிருந்தன. கணக்குப்படி ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஒரு வாரம் விட்டிருப்பேன் என்று நினைத்திருந்தவனிடம் அட்டை இருபத்து நான்கு என்றது, அத்தனையும் இரவு வேளை மாத்திரை. மண்டபத்தில் வரவேற்பு விருந்து உண்டு, இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, நேராகப் படுத்த நாள்கள் அவை. எந்த வேளை விட்டுப்போயிற்று என்று தெரிந்ததும் வழியும் கிடைத்துவிட்டது: இரவு மாத்திரையில் இரண்டு, சட்டைப் பையில் இருக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் குடியேறின.

விட்ட மாத்திரைகளைச் சேர்த்து உட்கொள்ளக் கூடாது. நாளைய வேளையிலிருந்து, எழுதித் தந்த அளவில் தொடங்க வேண்டும். பல வாரம் அடியோடு நிறுத்தியவர் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். போக முடியாததால் மருந்து தீர்ந்துவிட்டது என்போருக்கு, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

புதியவர்கள் அறியாத ஆபத்து ஒன்று இங்கே உண்டு. கட்டுப்பாடு இல்லாத காலத்தில் சர்க்கரை ஏறியதைக் கண்டு மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டியிருப்பார். நாம் திடீரென்று மனம் திருந்தி, சோற்றைக் குறைத்து, நடையையும் கூட்டினால், கூட்டிய மருந்தும் குறைந்த உணவும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்வோருக்கும் இன்சுலின் போடுவோருக்கும் இது நேரக்கூடியது. கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நடக்கப் போகும்போது பையில் நான்கு மிட்டாய் இருக்கட்டும். சர்க்கரை நோயாளி மிட்டாயோடு நடப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இந்த விவரம் தெரியாது.

பரிசோதனைக்குப் பயந்து காத்திருக்க வேண்டாம்

‘இப்போது பார்த்தால் கன்னாபின்னாவென்று இருக்கும், ஒரு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டுப் பார்க்கலாம்’ என்பது நாம் எல்லோரும் சொல்லும் சாக்கு. தேர்வுக்கு முந்திய இரவில் படிப்பது போல, மூன்று நாள் இரவுச் சோற்றை விட்டுவிட்டு வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்ப்போரும் உண்டு. வெறும் வயிற்று எண்ணை அப்படி ஏமாற்றலாம். மூன்று மாத சராசரி எனப்படும் எச்பிஏ1சியை ஏமாற்ற முடியாது, ஏனெனில் அது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழ்கிறது. அந்த எண்ணில் ஏறக்குறையப் பாதிப் பங்கு கடைசி ஒரு மாதத்தினுடையது என்பதால், இப்போது பார்ப்பது விட்ட காலத்தையும், மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது திரும்பிய காலத்தையும் காட்டும். இரண்டு தாள்களையும் ஒன்றாகப் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பை, பயத்தினால் இழக்க வேண்டாம்.

மருத்துவரிடம் விட்டதை விட்டதாகவே சொல்லுங்கள். ‘டயட் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறேன், வாக்கிங்கும் போகிறேன் சார்’ என்று நாம் சொன்னால், மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் அவர் முடிவெடுக்க முடியும்; அடுத்த சீட்டில் இன்னொரு மாத்திரை ஏறும். ‘ஐந்து வாரமாக நடக்கவில்லை, இரவு மாத்திரை இருபத்து நான்கு விட்டுப்போயிற்று’ என்ற ஒரே வாக்கியம் அதைத் தடுக்கும். திட்டு விழலாம். பொய்யினால் வரும் கூடுதல் மாத்திரையை விட அது மலிவு.

எடை மெஷினைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். கல்யாண வாரத்தில் ஏறும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமிப்பாகும் ஒவ்வொரு கிராம் மாச்சத்தோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் தங்கும், அப்பளமும் ஊறுகாயும் தந்த உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு வாரம் கழித்து வரும் எடையையே உண்மையான எடையாக எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் அறுந்தது என்று தேடுங்கள்

இந்தப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கோ இதுதான் முதன்மையானது. ‘மழையால் விட்டுப்போயிற்று’, ‘சோம்பேறித்தனம்’ என்பவை நாம் பிறகு ஒட்டிக்கொள்ளும் பெயர்கள். கைப்பேசியிலுள்ள படங்கள், பணம் அனுப்பிய விவரங்கள், வீட்டுக் கணக்கு நோட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு, கடைசியாக ஒழுங்காக நடந்த நாள் எது, அதற்கு அடுத்த நாள் என்ன மாறியது என்று தேடுங்கள்.

எனது நான்காம் முறைக்கு மழைதான் காரணம் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். நோட்டைப் புரட்டியபோது வேறு விவரம் கிடைத்தது. நான் நாள்தோறும் ஐந்தரை மணிக்கு மூன்று தெரு தள்ளியுள்ள பால் பூத்துக்குப் போய், பால் வாங்கும் சாக்கில் பெரிய குளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, இரண்டு அரை லிட்டர் பாக்கெட்டோடு திரும்புவது வழக்கம். ஒரு வாரம் விடாத மழை பெய்ததால், பாலை வீட்டு வாசலில் போடச் சொல்லி ஒரு பையனை ஏற்பாடு செய்தோம். மழை நின்றது, பால் வாசலுக்கே வருவது நிற்கவில்லை. நடைக்கு நான் விடியற்காலையில் எழுந்தேன் என்பது என் கற்பனை. நான் எழுந்தது பாலுக்கு. அந்தக் கொக்கி கழன்றதும் நடை தானாகக் கழன்றுவிட்டது. பையனுக்கு மாதக் கடைசி வரை பணம் கொடுத்து நிறுத்தினேன். மறுநாள் ஐந்தரைக்கு எழுந்திருப்பதற்கு எனக்குத் தனியாக மன உறுதி எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் நடை எதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு அப்படியே நடந்தவர்களுக்கு விடுமுறையில் அறுந்திருக்கும். கூட நடந்த எதிர்வீட்டுக்காரர் மகன் வீட்டுக்குப் போன அன்று அறுந்தோர் உண்டு. கழன்ற கொக்கியைத் திரும்ப மாட்டுங்கள். முடியாவிட்டால், நாள் தவறாமல் நடக்கும் இன்னொரு வேலையில் நடையை மாட்டுங்கள். ‘நாளை முதல் நடக்க வேண்டும்’ என்பதை விட, ‘இரவு தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுவேன்’ என்பது உறுதியான ஏற்பாடு.

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றும், ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் விடாமல் செய்ய வேண்டும் என்றும் சொல்வார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் அச்சிட்ட ஆய்வு, ஒரு செயல் பழக்கமாவதற்குச் சராசரி 66 நாள் என்றும், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறும் என்றும் கணக்கிட்டது. நமக்கு அதில் ஆறுதலான செய்தி, நடுவில் ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதாகும். விரதம் முறிந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்ற கணக்கு நடைக்குப் பொருந்தாது.

பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்

விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களே பயிற்சியை நிறுத்தினால் மூன்று வாரத்துக்குள் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறனில் ஏழு விழுக்காடு வரை இழப்பதாக 1984-இல் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். ஐந்து வாரம் படுத்திருந்த நம் கால்கள் எம்மாத்திரம்? எங்கள் தெருவில் ஒருவர், மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு முதல் நாளே ஆறு கிலோமீட்டர் நடந்து எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். நான்காம் நாள் குதிகாலை ஊன்ற முடியவில்லை. அடுத்த இரண்டு மாதம் அவரைத் தெருவில் காணவில்லை.

முதல் வாரம் இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் போதும். காலை நடையே நடை என்று பழகிய நமக்கு இது நடையாகவே தோன்றாது. ஆனால் உண்ட பின் நடக்கும்போது, இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் சர்க்கரையைக் கால் தசைகள் உடனே எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. அறுபது வயதைக் கடந்தவர்களை ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் நடக்கவைத்து அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஆய்வொன்று, இரவு உணவுக்குப் பிந்திய சர்க்கரையைக் குறைப்பதில், ஒரே வீச்சில் நடக்கும் நாற்பத்தைந்து நிமிடத்தை விட அது மேலானது என்று கண்டது. பத்தே பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால் இரவு ஒன்பதரைக்கு உண்டு பத்து மணிக்குப் படுக்கும் நம்மவர்களுக்காகவே செய்தது போல் இருக்கிறது. குளுக்கோமீட்டர் உள்ளவர்கள் ஒரு நாள் நடக்காமலும், மறுநாள் அதே உணவை உண்டு நடந்தும், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். நம்முடைய சொந்த எண்ணைப் போல நம்மை நடக்கவைக்கும் அறிவுரை வேறு இல்லை.

மழை பெய்தால் கூடத்திலிருந்து சமையலறைக்கும் அங்கிருந்து வாசலுக்குமாக நடக்கலாம். கோயில் பிராகாரத்தில் நடக்கலாம், ஆனால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு வெயில் ஏறிய கல்லில் கால் வைக்கக் கூடாது. கொப்பளித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாம் வாரம் மதிய உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரம் காலை நடையை இருபது நிமிடத்தில் தொடங்கி, நான்காம் வாரம் முப்பதாக்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் ஆகும். இந்த இரண்டாவதை நம்மில் பலர் கண்டுகொள்வதே இல்லை. கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது நல்ல தொடக்கம்.

நான்கு வாரத்தில் 150 நிமிடத்தை எட்டாவிட்டால், எட்டாம் வாரத்தில் எட்டினால் போதும். விடுமுறை வேண்டுமானால் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்; மூன்றாம் நாள் ஐந்து நிமிடமாவது நடந்துவிட வேண்டும். ஒரு நாள் நடையினால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வடிந்துவிடும் என்பதே இந்த எல்லைக்குக் காரணம்.

சோற்றுத் தட்டில் என்ன செய்வது

‘இன்றிலிருந்து அரிசியைத் தொடமாட்டேன்’ என்ற சபதம் நான்காம் நாள் இரவு, குளிர்பெட்டியில் மிஞ்சிய மைசூர்பாகின் முன் முடியும். உடலுக்குள்ள பசியை விட மனத்தின் கணக்கு இதில் பெரிய பங்கு வகிக்கிறது. ஹெர்மன், மாக் என்ற இருவர் 1975-இல் வெளியிட்ட சோதனையில், முதலில் மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு விரும்பிய அளவு ஐஸ்கிரீம் உண்ணச் சொன்னார்கள். சாதாரணமாக உண்போர் வயிறு நிறைந்ததால் குறைவாக உண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்திவந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாக உண்டார்கள். ‘முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு’ என்று நாம் சொல்வது இதைத்தான். ஒரு ஜாங்கிரி அந்த வேளையோடு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு ‘இன்றைய கணக்குக் கெட்டுவிட்டது’ என்று நினைத்து உண்பதுதான் சர்க்கரையை ஏற்றுகிறது.

ஆகவே வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதல் வாரம் காபி, டீ. ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை வீதம் எண்ணினால் ஆறு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் ஆகிறது. நலமாக உள்ளவர்களுக்கே நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் மாறுவது மாற்றமாகாது, அவையும் சர்க்கரைதான்.

இரண்டாம் வாரம் வீட்டிலுள்ள பலகார டப்பா. மன உறுதியைச் சோதித்துப் பார்ப்பதற்காக அதை அலமாரியில் வைத்திருப்பது வீண் வீரம். வேலைக்கு வரும் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுங்கள். மிக்சரும் முறுக்கும் இனிப்பில்லாததால் கணக்கில் வராது என்று எண்ண வேண்டாம்.

மூன்றாம் வாரம் மதியச் சோறு. குழம்பு, ரசம், மோர் என்ற மூன்று சுற்றும் நம் சாப்பாட்டின் முறை. இரண்டாவதை நிறுத்தச் சொன்னால் சாப்பிட்டது போலவே இராது. சுற்றுகளை நிறுத்தாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே கரண்டிச் சோறு என்று வைத்துக்கொள்ளலாம். பொரியலையும் கூட்டையும் பருப்பையும் முதலில் உண்டுவிட்டுச் சோற்றுக்கு வருவதும் உண்ட பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும். பரிமாறுகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ‘இவ்வளவுதான் சாப்பிட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்?’ என்று அன்பாக இரண்டாம் கரண்டி விழும். அன்பாக விழும் கரண்டியைத் தடுப்பது கடினம். சிறுதானியத்துக்கு மாற விரும்புவோர் மாறலாம், ஆனால் கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சி ஒரு செம்பு குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். தானியத்தின் பெயரை விட, அளவும் அது எவ்வளவு குழைந்திருக்கிறது என்பதுமே கணக்கு.

நாள் பார்ப்பது

ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, மார்கழி பீடை, தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நம் காலண்டரில் தள்ளிப்போட வசதிகள் நிறைய. புது நாளில் தொடங்குவதில் பயன் இல்லாமலும் இல்லை. வாரத்தின் தொடக்கம், மாதப் பிறப்பு, புத்தாண்டு போன்ற நாள்களை ஒட்டி உடற்பயிற்சிக் கூடங்களுக்கு வருவோர் கூடுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-இல் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நல்ல நாள் பாருங்கள், ஆனால் மூன்று நாளுக்குள் வரும் நாளாகப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை, சம்பள நாள், பேத்தியின் பிறந்தநாள் என ஏதாவது ஒன்று அகப்படும். பத்து நிமிட நடைக்கு ராகு காலம் தடையில்லை.

நடந்த நிமிடங்களை மாதக் காலண்டரின் கட்டத்தில் எழுதுங்கள். தினத்தாள் காலண்டரில் எழுதினால் மறுநாள் கிழிந்துபோகும். நடக்காத நாளில் கட்டத்தை வெறுமையாக விடாமல், ‘மழை’, ‘மண்டபம்’, ‘சும்மா’ என்று காரணத்தை எழுதுங்கள். அடுத்த முறை எந்த நாளில் அறுந்தது என்று தேடும்போது அது கைகொடுக்கும்.

வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்தோ, வேலை போயோ நடை விட்டுப்போனவர்களுக்கு மேற்சொன்ன கணக்குகள் எதுவும் உடனே பொருந்தாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் முதலில் அதற்கு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறைக்கு ஓர் அட்டை

நன்றாக நடக்கும் நாள்களில், அடுத்த இடைவெளிக்கான ஏற்பாட்டை ஓர் அஞ்சலட்டை அளவுக் காகிதத்தில் எழுதி மருந்து டப்பாவின் மூடியில் ஒட்டிவிடுங்கள். எனது அட்டையில் இருப்பது இவ்வளவுதான். மழை என்றால், இரவு உணவுக்குப் பின் கூடத்தில் பத்து நிமிடம். கல்யாணம் என்றால், இரவு மாத்திரை சட்டைப் பையில். பந்தியில் இனிப்பை வாங்கி இலையோரம் வைத்துப் பாதி உண்பது. மண்டபத்தில் லிஃப்ட் இல்லை, படிக்கட்டு. ‘ஒண்ணுதானே மாமா’ என்று மாப்பிள்ளை இன்னொன்று வைக்க வந்தால், ‘வச்சதே இருக்கு மாப்ளே’ என்று சொல்லி இலையைக் காட்டுவது. காய்ச்சல் என்றால், நடை வேண்டாம், சர்க்கரையை அடிக்கடி பார்ப்பது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரை அன்றே தொலைபேசியில் கேட்பது. மருத்துவமனையில் யாருக்காவது துணைக்கு இருக்க நேர்ந்தால், கேன்டீன் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வது, வராந்தாவில் நடப்பது.

இவற்றுக்குக் கீழே, என் மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘எவ்வளவு மழை பெய்தாலும் பால் வாங்கப் போவது இவர்தான். குடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது.’